மதுரையில் வீட்டுக்கு நிலநடுக்கக் காப்பீடு தேவையா?

ஆனையூர் செல்வி

எல்லோருக்கும் வணக்கம். ஆனையூரில் வீடு கட்டி, தை மாதம் பால் காய்ச்சினோம். கடன் கொடுத்த வங்கியில் வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டு நகல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சுதான். "தீ விபத்துக்கு மட்டும் போட்டால் போதும், மதுரையில் ஏது நிலநடுக்கம்?" என்கிறான் தம்பி. 2023 பிப்ரவரியில் துருக்கியில் மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்ததை டிவியில் பார்த்ததிலிருந்து வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. போடுவதுதான் போடுகிறோம், நிலநடுக்கத்துக்கும் சேர்த்தே போட்டுவிடலாம் என்கிறார்.

நிலநடுக்கத்துக்கென்று தனிப் பாலிசி இருக்கிறதா, இல்லை தீ பாலிசியோடு கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டுமா? போனில் பேசிய ஒருவர், கூடுதலாகத்தான் கட்ட வேண்டும் என்றார். இடம் 3 சென்ட். வீடு உள்ளளவு 1,300 சதுர அடி, கீழும் மேலுமாக. இடம், கட்டுமானம் எல்லாம் சேர்த்து 75 லட்சம் ஆகியிருக்கிறது. 75 லட்சத்துக்கே போட வேண்டுமா? எல்லாவற்றையும் விட, நம் ஊருக்கு இது தேவைதானா என்று தெரிய வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுமண்டபம்

தம்பி சொல்வதுதான் சரி அக்கா. மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரம் 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 170 அடி உயரத்துக்கு அத்தனை சுதையைச் சுமந்துகொண்டு இன்றைக்கும் நிற்கிறது. திருமலை நாயக்கர் மகால் 1636. அந்தத் தூண்களைப் பாருங்கள். பெரிய அதிர்வு வந்திருந்தால் இவையெல்லாம் தப்பியிருக்குமா? நமக்குக் கீழே இருப்பது கெட்டிப் பாறை. ஆனைமலையும் நாகமலையும் பசுமலையும் அதற்குச் சாட்சி. வங்கி கேட்கிறது என்றால் தீ விபத்துக்கு மட்டும் போட்டுவிட்டு மிச்சப் பணத்தைப் பிள்ளைகள் படிப்புக்கு எடுத்து வையுங்கள்.

நாகமலைக்காரன்

புதுமண்டபம் சொல்வதில் பாதி சரி. பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

கட்டடங்களுக்கான நில அதிர்வு விதியான ஐ.எஸ். 1893-ஐ 2002-இல் திருத்தியபோது நாட்டை 2 முதல் 5 வரை நான்கு மண்டலங்களாகப் பிரித்தார்கள். 5 ஆபத்து மிகுந்தது, 2 குறைந்தது. அந்த 2002 வரைபடத்தில் மதுரை 2-இல் வந்தது. சென்னையும் கோயம்புத்தூரும் 3-இல் வந்தன. ஆக, நாட்டிலேயே அமைதியான பகுதிகளில் நம்முடையதும் ஒன்று.

ஆனால் 2ஆம் மண்டலம் என்பதற்கு அதிர்வே வராது என்று பொருளில்லை. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்து தென்னிந்தியா முழுக்க உணரப்பட்டது. 2000 டிசம்பரில் இடுக்கி மலைப் பகுதியில் கிட்டத்தட்ட 5 அளவில் வந்தது. தேனி எல்லையைத் தாண்டினால் இடுக்கிதான். மறு ஆண்டு செப்டம்பரில் பாண்டிச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் ஒன்று. இவற்றில் எதுவும் மதுரையில் வீடுகளைச் சாய்க்கவில்லை. ஆனாலும் தென்னகப் பாறை அசையாது என்ற நம்பிக்கைக்கு இவை இடம் கொடுக்கவில்லை.

என் மனதில் ஆழமாகப் பதிந்தது மராட்டியத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி. 1993 செப்டம்பர் 30, விடியலுக்கு முன். ஊரே தூங்கிக்கொண்டிருந்த நேரம். அளவு 6.2. கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அன்றைய வரைபடத்தில் அந்த ஊர் ஆபத்து மிகக் குறைந்த 1ஆம் மண்டலத்தில் இருந்தது. 2002 திருத்தத்தில் அந்த 1ஆம் மண்டலத்தையே எடுத்துவிட்டு 2-உடன் சேர்த்தார்கள். அந்த 2002 வரைபடத்தில் ‘மிகக் குறைவு’ என்றொரு மண்டலமே இல்லாததற்குக் கில்லாரியும் ஒரு காரணம்.

கோபுரம் நிற்பது இத்தனை நூற்றாண்டில் மதுரையில் பெரிய அதிர்வு வரவில்லை என்பதற்கு நல்ல சான்று. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூமியின் மேலோட்டுத் தட்டின் விளிம்பில் இல்லாமல் நடுவில் இருக்கும் பாறைப் பகுதிகளில் ஒரே பிளவு மறுபடி அசைய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். அந்தக் கணக்குக்கு ஐந்து நூற்றாண்டு சின்னக் காலம். அதோடு அடி அகன்று மேலே குறுகும் கற்கட்டுக் கோபுரமும், கீழே வெறும் தூண்களை மட்டும் நிறுத்திக் கார் விடும் அடுக்ககமும் குலுங்கும் விதமே வேறு. அதை நிற்க வைத்து இதற்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது.

பொன்மேனி ஏஜென்ட்

செல்வி அக்கா, நான் இந்தத் தொழிலில் இருப்பவன். அதைச் சொல்லிவிட்டே பேசுகிறேன், எடை போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கே பதில் பலருக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் ‘தீ மற்றும் சிறப்பு அபாயங்கள்’ என்ற பாலிசியில் நிலநடுக்கம் தனிச் சேர்க்கை. கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் வரும். 2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்று வீட்டுக்கென ஒரு பொதுப் பாலிசியைக் கொண்டுவந்தது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் வாசகம் ஒன்றுதான், பிரீமியம் மட்டும் மாறும். அதில் தீ, இடி, வெடிப்பு, புயல், வெள்ளம், சுனாமி, நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வரும் சேதம் எல்லாவற்றோடும் நிலநடுக்கமும் உள்ளேயே இருக்கிறது. தனியாகக் கேட்க வேண்டியதில்லை, தனிப் பணமும் இல்லை. சம்பவம் நடந்த 7 நாளுக்குள் அதைப் பயன்படுத்தி யாராவது திருடினால் அதற்கும் பாதுகாப்பு உண்டு.

போனில் பேசியவர் கம்பெனியின் வேறு பாலிசியைச் சொல்லியிருக்கலாம். அப்படிப்பட்டவையும் சந்தையில் இருக்கின்றன. நீங்கள் வாய் திறந்து ‘பாரத் கிருஹ ரக்ஷாதான் வேண்டும்’ என்று கேளுங்கள்.

அதனால் நிலநடுக்கத்துக்குப் போடலாமா வேண்டாமா என்ற சண்டையை வீட்டில் நிறுத்திவிடலாம். வீட்டுப் பாலிசி எடுக்கிறோமா இல்லையா என்பதுதான் கேள்வி. அதற்கு மதுரையிலிருந்தே காரணம் சொல்கிறேன். 2024 அக்டோபர் 25 மதியம் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனையூரும் கண்மாய்களுக்கு நடுவில் இருக்கும் பகுதிதான். உங்களுக்கு வெள்ளமும் தீயும்தான் முதல் கவலை. நிலநடுக்கம் கூடவே வருகிறது.

ஃப்ரீமான்ட் உசிலைக்காரன்

பொன்மேனி அண்ணே சொன்னதைப் படித்தபோது எங்கள் வீட்டுக் குழப்பமும் தீர்ந்தது. நான் உசிலம்பட்டிக்காரன், இருப்பது கலிஃபோர்னியாவில். அம்மாவிடம் "நிலநடுக்கத்துக்குத் தனியாகப் போட்டாயா?" என்று ஒவ்வொரு வருசமும் கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே பழகிப்போன கேள்வி அது.

இங்கே வீட்டுப் பாலிசியில் நிலநடுக்கம் கிடையாது. வீட்டுப் பாலிசி விற்கும் கம்பெனி அதையும் வேண்டுமா என்று நம்மிடம் கேட்டாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 1994 ஜனவரியில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தபின் கம்பெனிகள் கையை விரித்தன. அதனால் 1996-இல் கலிஃபோர்னியா நிலநடுக்க ஆணையம் என்று தனி அமைப்பே உருவானது. நிலநடுக்கப் பாலிசி எடுப்பவர்களில் பெரும்பாலானோர் அதன் பாலிசியைத்தான் வாங்குகிறார்கள். நான் இருக்கும் ஊர் வழியாகவே ஹேவர்டு பிளவு போகிறது. 1868-இல் அது பெரிதாக அசைந்திருக்கிறது.

இதில் ஒரு விசயத்தைப் பார்க்க வேண்டும். சேதத்தில் முதல் பங்கை நாமே ஏற்க வேண்டும். காப்பீட்டுத் தொகையில் 5 முதல் 25 சதவீதம் வரை தேர்ந்தெடுக்கலாம். வீட்டுக்கு 5 லட்சம் டாலர் போட்டு 15 சதவீதம் என்று வைத்தால், முதல் 75,000 டாலர் சேதம் என் பொறுப்பு. சுவர் விரிசல், புகைபோக்கி சரிந்தது என்றால் ஒரு காசு வராது. பெரிய சேதம் என்றால்தான் அந்தப் பாலிசி பேசும். பிரீமியமும் அதிகம். அதனால் இங்கே ஆபத்து கண்ணுக்கு முன்னால் இருந்தும் வீடு வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் எடுப்பதில்லை. நான் எடுத்திருக்கிறேன், என் சேமிப்பு முழுக்க அந்த வீட்டில் இருப்பதால்.

வெளிநாட்டில் இருக்கும் மகனோ மருமகனோ இப்படிக் கேட்டால், அவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துப் பேசுகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். ஊரில் அந்தக் கணக்கு வேறு.

புதுமண்டபம்

சரி, பாலிசிக்குள்ளேயே வருகிறது என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தொகை? 75 லட்சத்துக்குப் போட்டால் பிரீமியமும் அதற்கேற்ப ஏறுமே.

பொன்மேனி ஏஜென்ட்

75 லட்சத்துக்குப் போடவே கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் ஊரில் அதிகம் பேர் கோட்டை விடும் இடம் இதுதான்.

காப்பீடு கட்டடத்துக்கு மட்டும். இடத்துக்கு இல்லை. வீடு முழுக்க விழுந்தாலும் 3 சென்ட் அங்கேயே இருக்கும். அதனால் பத்திரத்தில் உள்ள விலை, சந்தை விலை, வங்கி போட்ட மதிப்பு எதையும் எடுக்காதீர்கள். இன்றைக்கு அதே வீட்டை மறுபடி கட்ட என்ன ஆகும் என்பதுதான் தொகை. கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டின் உள்ளளவை, சதுர அடிக் கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். செல்வி அக்காவுக்கு 1,300 சதுர அடி. அடிக்கு 2,300 ரூபாய் என்று வைத்தால் 29 லட்சத்து 90 ஆயிரம். கிட்டத்தட்ட 30 லட்சம். உங்கள் கொத்தனார் என்ன விலைக்கு முடித்தாரோ அந்த விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். காம்பவுண்டுச் சுவர், கேட், தண்ணீர்த் தொட்டி, மாடியில் சோலார் இருந்தால் அது, எல்லாம் கட்டடத்தோடு சேர்ந்தவை. அவற்றின் செலவை விட்டுவிடாதீர்கள்.

கட்டடத்துக்கு எடுத்தாலே வீட்டுச் சாமான்களுக்கும் அந்தத் தொகையில் 20 சதவீதம் தானாக வந்துவிடும். உச்சவரம்பு 10 லட்சம். 30 லட்சத்துக்கு 6 லட்சம். ஃபிரிட்ஜ், வாசிங் மெசின், கட்டில், பீரோ இதில் அடங்கும். நகை அடங்காது. நகைக்கும் கலைப் பொருளுக்கும் மதிப்பைச் சொல்லித் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பழைய பாலிசிகளில் ‘ஆவரேஜ்’ என்ற பிடி ஒன்று உண்டு. 30 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 15 லட்சம் போட்டிருந்தால், 4 லட்சம் சேதத்துக்குக் கூடப் பாதியைத்தான் கொடுப்பார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்தப் பிடியை எடுத்துவிட்டார்கள். அதற்காகக் குறைத்துப் போட்டுவிடாதீர்கள். வீடு முழுக்கப் போனால் போட்ட தொகைக்கு மேல் வராது. 10 வருசம் வரை மொத்தமாகவும் எடுக்கலாம். நீண்ட காலத்துக்கு எடுத்தால் சிமெண்ட், கம்பி விலையேற்றத்துக்கு ஈடாகக் காப்பீட்டுத் தொகை வருசத்துக்கு 10 சதவீதம் தானாக ஏறும். இடிபாட்டை அள்ளும் செலவு கிளைம் தொகையில் 2 சதவீதம் வரையும், இன்ஜினியர், சர்வேயர் கட்டணம் 5 சதவீதம் வரையும் தனியாகக் கிடைக்கும். வீடு இருக்க முடியாத நிலையானால் வேறு வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையும் உண்டு.

மேலூர் விவசாயி

ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் கல் குவாரிகள் அதிகம். வெடி வைக்கும்போது வீடு அதிரும், சன்னல் கண்ணாடி நடுங்கும், சுவரில் மேலிருந்து கீழ் வரை கோடு விழுந்திருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் பூமி அதிர்ச்சி என்றே சொல்கிறார்கள். இதற்கு இந்தப் பாலிசியில் பணம் வருமா?

சைட் இன்ஜினியர் திருநகர்

அண்ணே, இதைக் கட்டடக்காரனாக நான் சொல்கிறேன். குவாரி வெடியால் வரும் அதிர்வு நிலநடுக்கம் ஆகாது. நிலநடுக்கம் என்றால் டெல்லியில் உள்ள தேசிய நில அதிர்வு மையத்தின் பதிவில் நாளும் நேரமும் இடமும் அளவும் இருக்கும். அவர்களுடைய ‘பூகம்ப்’ செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம். சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் தேடுவது அதைத்தான். பதிவில்லாத அதிர்வை நிலநடுக்கம் என்று அவர் எழுத மாட்டார். உங்களுக்கு வழி கலெக்டர் அலுவலகத்திலும் கனிமவளத் துறையிலும் இருக்கிறது. எந்த நாள், எத்தனை மணிக்கு வெடித்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விரிசலுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் எடுங்கள். விரிசலுக்குக் குறுக்கே சிமெண்டில் சின்னப் பொட்டு வைத்துத் தேதி எழுதினால், பொட்டு வெடித்த நாளன்று சுவர் அசைகிறது என்பதற்குச் சான்று கிடைக்கும்.

பொதுவாகவே விரிசல் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மதுரையைச் சுற்றிக் கரிசல் மண் உள்ள இடங்களில் கோடையில் மண் சுருங்கும், மழையில் உப்பும். அஸ்திவாரம் ஆழம் போதாவிட்டால் சுவர் கீறும். கண்மாய்ப் பள்ளத்தில் கிராவல் கொட்டி மேடாக்கிப் பிளாட் போட்ட இடங்களிலும் இதே கதை. பொன்மேனி அண்ணே, இதற்கெல்லாம் பாலிசி பேசாது இல்லையா?

பொன்மேனி ஏஜென்ட்

பேசாது. புது வீடு இயல்பாகப் படிவதால் வரும் விரிசல், நிரப்பிய மண் இறங்குவது, மோசமான டிசைன், தரமில்லாத சாமான், பக்கத்து மனைக்காரர் தோண்டியதால் வந்த இறக்கம் எல்லாம் விலக்குப் பட்டியலில் தெளிவாக இருக்கின்றன. நிலநடுக்கம் வந்த மறுநாள் பழைய விரிசலைக் காட்டிப் பணம் கேட்டால் நிற்காது. அதனால் பாலிசி எடுத்த அன்றே வீட்டின் நான்கு பக்கமும், உள்ளே ஒவ்வொரு அறையும் வீடியோ எடுத்து வைத்துவிடுங்கள். எது பழையது, எது புதியது என்று காட்ட வேறு வழியில்லை.

கே.கே.நகர் அடுக்ககம்

எங்கள் குடியிருப்பில் 24 வீடு. கீழ்த்தளம் முழுக்க கார் நிறுத்தம். நாகமலைக்காரன் ஐயா சொன்ன அதே ரகம். சங்கக் கூட்டத்தில் இதைப் பேசியபோது ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அவரவர் தன் வீட்டுக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்பது ஒரு கட்சி. சங்கமே மொத்தக் கட்டடத்துக்கும் போட வேண்டும் என்பது மறு கட்சி. எது சரி?

பொன்மேனி ஏஜென்ட்

சங்கம் எடுப்பதுதான் நல்லது. உங்கள் வீட்டுக்கு மட்டும் எடுத்து, கட்டடமே போய்விட்டால் பணம் கையில் வரும், வீடு வராது. இரண்டாம் மாடியை அந்தரத்தில் கட்ட முடியாதே. தூண், படிக்கட்டு, லிஃப்ட், மொட்டை மாடி எல்லாம் பொது. மண்ணில் உங்களுக்கு இருப்பது பிரிக்கப்படாத பங்கு. 24 பேரும் சேர்ந்தால்தான் மறுபடி எழுப்ப முடியும். அதில் ஆறேழு பேரிடம் பாலிசியே இல்லை என்றால் மற்றவர்களும் மாட்டிக்கொள்வார்கள். சங்கத்தின் பெயரில் மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே பாலிசி, பிரீமியத்தைப் பரப்பளவுப்படி பராமரிப்புக் கட்டணத்தோடு பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளே உள்ள சாமானுக்கு அவரவர் எடுத்துக்கொள்ளலாம்.

சைட் இன்ஜினியர் திருநகர்

அடுக்ககத்துக்காரர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில் 200 கி.மீ.க்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் மாடிக் கட்டடங்கள் விழுந்தன. விழுந்தவற்றில் பல, கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் கார் நிறுத்தமாக விட்டவை. மேலே எல்லா மாடியிலும் செங்கல் சுவர் நிறைந்து விறைப்பாக இருக்கும், கீழே மட்டும் வெறும் தூண். குலுங்கும்போது அத்தனை அசைவும் அந்த ஒரு தளத்தில் போய் விழுகிறது. மதுரையில் அந்த அளவு குலுக்கல் வரும் என்று நான் சொல்லவில்லை. ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் கீழ்த்தளத் தூண்களைப் பார்க்கச் சொல்லுங்கள், வரைபடம் இருந்தால் அதையும் காட்டுங்கள். ஓரங்களில் கான்கிரீட் சுவர் சேர்க்கவோ தூணைச் சுற்றிக் கூடுதல் கான்கிரீட் உறை (ஜாக்கெட்) போடவோ வழி இருக்கிறது.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தூண் கம்பியைச் சுற்றி வரும் ரிங்கின் கொக்கியைப் பாருங்கள். கம்பி கட்டுபவர் அவசரத்தில் இரண்டு முனையையும் 90 டிகிரியில் மடக்கிவிட்டுப் போவார். குலுங்கும்போது மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த ரிங் வாய் பிளந்துவிடும். 135 டிகிரியில், முனை தூணின் உள்பக்கம் பார்த்து மடங்கியிருக்க வேண்டும். அப்போது ரிங் உள்ளே இருக்கும் கான்கிரீட்டைக் கடிக்கும், விடாது. கான்கிரீட் கட்டடங்களுக்கான நில அதிர்வு விதி ஐ.எஸ். 13920 இதைத்தான் சொல்கிறது. அதன் 2016 பதிப்பின்படி 3ஆம் மண்டலத்திலிருந்து மேலே அது கட்டாயம், 2-இல் விருப்பம். விருப்பம் என்பதால்தான் நம் ஊரில் யாரும் செய்வதில்லை. கம்பிச் செலவு பெரிதாக ஏறாது, சைட்டில் நின்று பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். கான்கிரீட் போடுவதற்கு முன் நீங்களே போய் நின்று ஒவ்வொரு தூணாகப் பாருங்கள். எனக்கு இதில் எப்போதும் கோபம்தான் வருகிறது. டைல்ஸுக்கும் எலிவேசனுக்கும் லட்சம் லட்சமாகக் கொட்டுகிறவர்கள் தூணுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

ஃப்ரீமான்ட் உசிலைக்காரன்

அண்ணே, எங்கள் அப்பத்தா வீடு கிராமத்தில் கல் சுவர், மண் சாந்து, மேலே ஓடு. அம்மா அங்கேதான் இருக்கிறார். அதற்கு என்ன செய்யலாம்?

சைட் இன்ஜினியர் திருநகர்

கில்லாரியில் ஆளைக் கொன்றது இதே மாதிரி வீடுகள்தான் தம்பி. தடித்த கல் சுவர், நடுவில் மண், மேலே பாரமான மண் கூரை. உங்கள் வீடு ஓட்டுக்கூரை என்பதால் தலைக்கு மேல் பாரம் குறைவு, அது நல்லது. சுவரின் இரண்டு முகத்தையும் இணைக்கும் குறுக்குக் கல் இருக்கிறதா, மூலைகளில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். லிண்டல் மட்டத்தில் நாலு சுவரையும் சுற்றி அறுபடாமல் போகும் கான்கிரீட் பட்டை இருந்தால் சுவர் தனித்தனியாகப் பிரிந்து விழாது. நம் ஊரில் கதவு, சன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போடுகிறார்கள். பழைய வீட்டில் இரண்டு பக்கமும் வெல்டு மெஷ் என்ற கம்பி வலை வைத்துச் சிமெண்ட் பூசி அந்தப் பட்டையை உண்டாக்கலாம். தெரிந்த ஆளை வைத்துச் செய்ய வேண்டும். பாலிசி விண்ணப்பத்திலும் மண் சாந்துக் கல் சுவர் என்று உள்ளபடி எழுதுங்கள். காரைக் கட்டடம் என்று எழுதி வைத்தால் கிளைம் நேரத்தில் அதுவே எமனாகிவிடும்.

புதுமண்டபம்

முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி யாரும் பேசவில்லையே. நிலநடுக்கம் என்றாலே எங்கள் தெருவில் அதுதான் பேச்சு.

நாகமலைக்காரன்

அது 1895-இல் முடிந்த, சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் சேர்த்துக் கட்டிய அணை. பிறகு பலப்படுத்தினார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டு 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தது. வீட்டுக் காப்பீட்டுக் கணக்குக்கு இவ்வளவு போதும்: பெரியாறு மேற்கே, இடுக்கி பக்கம் ஓடுகிற ஆறு. மதுரைக்குச் சுரங்கம் வழியாகத் தண்ணீர் வருகிறதே தவிர, அந்த அணையின் ஆற்றுப் பாதையில் நாம் இல்லை. அங்கே இருக்கும் மக்களின் அச்சத்தை நாம் லேசாகப் பேசவும் கூடாது. இந்த இழையில் அதை இதோடு விடுவோம்.

ஆனையூர் செல்வி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று வங்கிக்குப் போய் வந்தேன். அங்கே இருந்தவர் ஒரு படிவத்தை நீட்டி "இதிலேயே எல்லாம் இருக்கிறது" என்றார். வாங்கிப் படித்தால் அது கடனோடு சேர்ந்த ஆயுள் காப்பீடு. எனக்கு ஏதாவது ஆனால் கடன் அடையும், வீட்டுக்கு ஏதாவது ஆனால் ஒன்றுமில்லை. பிரீமியமும் கடனோடு சேர்ந்துவிடுமாம், அதற்கும் வட்டி. வேண்டாம், பாரத் கிருஹ ரக்ஷா வெளியில் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் இரண்டு கம்பெனியில் கேட்டேன். 30 லட்சத்துக்கு வருசம் இரண்டாயிரத்துக்குள்தான் சொல்கிறார்கள். இதற்கா இத்தனை நாள் சண்டை என்று வீட்டுக்காரரே கேட்டார். தம்பியும் வெள்ளத்தைச் சொன்னதும் அடங்கிவிட்டான்.

ஒரே சந்தேகம். பாலிசியில் வங்கியின் பெயரையும் போட வேண்டும் என்கிறார்கள். அப்படியென்றால் பணம் யாருக்கு வரும்?

பொன்மேனி ஏஜென்ட்

கடன் நிலுவை இருக்கும்வரை பெரிய கிளைம் என்றால் வங்கிக்கு உரிய பாக்கி முதலில் போகும், மிச்சம் உங்களுக்கு. அதற்காகத்தான் வங்கிப் பெயரைச் சேர்க்கிறார்கள். இதை நினைவில் வைத்துத்தான் தொகையைப் போட வேண்டும். சிலர் கடன் பாக்கி 18 லட்சம் என்றால் 18 லட்சத்துக்கு மட்டும் போடுவார்கள். வங்கிக்கு அது போதும். வீடு போனால் கடன் அடைந்துவிடும், வெறும் மனையோடு நீங்கள் வாடகை வீட்டில் நிற்பீர்கள். முழுக் கட்டுமானச் செலவுக்குப் போடுங்கள். கடன் முடிந்த மறுநாள் வங்கியின் பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, எடுத்ததற்குச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

குறிப்பிட்ட கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று வங்கி கட்டாயப்படுத்த முடியாது. நீங்கள் வெளியில் எடுப்பது சரியே. கிளைமில் பிரச்சினை வந்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, அங்கே நடக்காவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். 50 லட்சம் வரையிலான பிரச்சினையை அவர் பார்ப்பார், கட்டணம் இல்லை.

கே.கே.நகர் அடுக்ககம்

சங்கத்துக்கு இந்த இழையை அச்செடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் தூண்களைப் பார்க்கப் பொறியாளரை அழைப்பது முதல் தீர்மானம், மொத்தக் கட்டடப் பாலிசி இரண்டாவது. திருநகர் அண்ணே, எங்களுக்காக ஒரு நாள் வந்து பார்க்க முடியுமா?

சைட் இன்ஜினியர் திருநகர்

வருகிறேன். ஆனால் நான் சைட் ஆள். தூண் கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போட கட்டமைப்புப் பொறியாளர்தான் வேண்டும், ஒருவரைக் கூட்டி வருகிறேன். கட்டியவரிடமிருந்து கம்பி வரைபடத்தை மட்டும் எப்படியாவது வாங்கி வையுங்கள். அது இல்லாமல் தூணுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் செலவு கூடும்.

விளாங்குடி வாடகைக்காரர்

நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். வீடு எங்களுடையது இல்லை. எங்களுக்கு இதில் ஏதாவது உண்டா?

பொன்மேனி ஏஜென்ட்

உண்டு. அதே பாலிசியைச் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். தையல் மெசின், டிவி, பிள்ளைகளின் லேப்டாப் என்று மதிப்பைக் கூட்டிச் சொன்னால் போதும். கட்டடம் வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் போட்டிருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.